இடது முட்டிக்கு வெட்டியது

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சி சென்டருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் லேசாக ஜலதோஷம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் கை வெடிப்புக்கு மருந்து போடுகிறாளா, இல்லை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற சோப்பிலேயே ஆறட்டும் என்று விட்டுவிட்டாளா?

ஃபோனை முதல் நாளே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். "வீட்டுக்குப் பேசணும்னா லெட்டர் எழுதுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க" என்றார் கோச். அதனால் இனிமேல் என் கிறுக்கல் கையெழுத்துதான் உனக்குத் தலைவிதி.

அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் படகுக் கொட்டகையின் தகரக் கூரை. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. தண்ணீர் மட்டும் அற்புதம். குடிநீர் வாரியத்துக்குப் பின்னால் இருக்கும் நம் கோணல் ஏரி மாதிரி இல்லை, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக இருக்கிறது.

என்னோடு இரட்டைப் படகில் வலப்பக்கம் போடுகிறவளை எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்னால் அவள், பின்னால் நான். அவள் முதுகு பீரோ மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் உன் முதுகையே பார்த்துத் துடுப்பு போட்டவளுக்கு, பாதித் தூரத்தில் திடீரென்று யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டது போல் ஆகிவிடுகிறது.

ஒரு உதவி. படகில் முட்டிக்கு அடியில் வைக்கும் என் முட்டிக்கட்டை வரும் வழியிலேயே பிய்ந்துவிட்டது. இங்கே ஆளுக்கு ஒரு ஃபோம் பாளமும் கத்தியும் கொடுத்து, மண்டியிடும் முட்டிக்கு ஏற்ற மாதிரி நீயே குடைந்துகொள் என்கிறார்கள். நான் குடைந்தால் அது முட்டிக்குப் பொருந்தாது, சோறு போட்டுச் சாப்பிடத்தான் ஆகும். நீ ஒன்று வெட்டி அனுப்புகிறாயா?

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்பு வாத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பயிற்சிக்குப் போன முதல் நாளே தண்ணீரில் விழுந்து இந்தப் பெயரை வாங்கியவள், இப்போது நாட்டுக்காகத் துடுப்பு போடப் போகிறாள். சோஃபா பட்டறையில் சொன்னால் யாரும் நம்பவில்லை. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் கை அப்படியேதான் இருக்கிறது. மருந்து வாங்கிக் கொடுத்தேன், அதை நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

முட்டிக்கட்டை இத்துடன் வருகிறது. போன வாரம் ஒரு பெரிய மனிதர் வீட்டு சோஃபாவுக்கு வந்த ஃபோம். அவர் உட்காரும் இடத்தில் ஒரு துண்டு எடுத்தேன், முதலாளிக்குத் தெரியாது, தெரிந்தாலும் திட்டிவிட்டுச் சிரிப்பார். இடப்பக்கம் போடுகிற நீ மண்டியிடும் இடது முட்டியின் வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டு இருக்குமே, அங்கே ஆழமாக எடுத்திருக்கிறேன். அடியில் மார்க்கரால் 'இடது' என்று எழுதி, 'முன்' என்று அம்பு போட்டிருக்கிறேன். உன் புத்தி எனக்குத் தெரியும், திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டு வலிக்கிறது என்பாய்.

நான் தினமும் காலையில் ஏரிக்குப் போய்விட்டுத்தான் பட்டறைக்குப் போகிறேன். நம் பழைய இரட்டைப் படகில், பின்னால் உன் இடத்தில் ஒரு மணல் மூட்டை வைத்திருக்கிறேன். உன்னைவிட அது ஒழுங்கு. பேசுவதே இல்லை.

தேர்வு அன்று கோச் என்னிடம் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். "வலப்பக்கத்துக்கு ஆள் இருக்கும்மா, இப்ப இடப்பக்கம்தான் வேணும். நீ விட்டுடாதே. இடம் வந்தா கூப்பிடறேன்." ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வலப்பக்கம் எப்போதாவது காலியானால் அன்றைக்கே எனக்கு எழுது. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

சாப்பிடும்போது பேசாதே, புரை ஏறும்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். கட்டை வந்தது. முட்டியை வைத்ததும் அதற்கென்றே செய்த குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியவள் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க வாங்கினே?" என்றாள். "எங்க அக்கா கையில" என்றேன். பெரிய மனிதரின் சோஃபாவில் குழி விழுந்தால் என் நன்றியைச் சொல்.

இங்கே புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் வைக்க நேரமே ஆகவில்லை, பார்த்ததும் நெட்டை. என்னைப் போலவே இடப்பக்கம். ஒற்றைப் படகில் அவள் போவதைக் கரையில் நின்று பார்த்தேன் அக்கா. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தமே கேட்கவில்லை. கோச் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பெரியவளுக்குத் தோளில் வலி. ராத்திரியெல்லாம் முனகுகிறாள். ஆனாலும் காலையில் வந்துவிடுகிறாள்.

அம்மாவுக்கு என் அன்பு. மருந்தைப் போடச் சொல், இன்றுதான் நல்ல நாள் என்று சொல்.

வாத்து


மார்ச் 27

அன்பு வாத்துக்கு,

இங்கே யாருக்கும் குறைவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பாடு இறங்கவில்லை என்று இன்னொரு முறை எழுதினால் நேரில் வந்து ஊட்டிவிடுவேன்.

நெட்டையைப் பார்த்து பயப்படாதே. சத்தம் வராமல் போடுகிறவள் எல்லாம் கடைசி வரை தாக்குப்பிடிப்பாளா என்று பார்க்க வேண்டும். உனக்கு மூச்சு நிறைய உண்டு, சண்டை போடும்போது நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவளின் தோளுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பாவம்தான் அவள். ஆனால் வாத்து, அவள் போய்விட்டால்? கோச்சிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை போட்டு வை. அதிகம் வேண்டாம், 'எங்க அக்கா தினமும் ஏரிக்குப் போறா' என்று மட்டும். முதலாளியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், திடீரென்று ஒருநாள் லீவு கேட்பேன் என்று. "கல்யாணமா?" என்றார். "அதைவிடப் பெரிசு" என்றேன்.

டெய்லரிடம் உனக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல இடது தோளைக் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தைக்கச் சொன்னேன். "உனக்கு வலது தோள் பெருசு, தங்கச்சிக்கு இடது தோள் பெருசு. ரெண்டு பேரையும் ஒட்டித் தச்சா ஒரு ஒழுங்கான ஆளு கிடைக்கும்" என்கிறார்.

பதில் உடனே போடு.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பயிற்சி அதிகமாகிவிட்டது, கட்டிலைப் பார்த்தால் விழுந்துவிடுகிறேன். உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. அம்மா சௌக்கியம்தானே?

பெரியவளின் தோள் பரவாயில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இரும்புச் சாமான் தூக்கச் சொல்கிறார்கள். சாப்பாடு நன்றாகவே இருக்கிறது.

இனிமேல் முட்டிக்கட்டை அனுப்ப வேண்டாம் அக்கா. இருப்பதே போதும். உனக்கு எதற்கு வீண் வேலை? பட்டறையிலேயே கை ஓய்ந்துபோகிறது உனக்கு.

உன் தங்கை


ஜூலை 3

அன்பு வாத்துக்கு,

என்ன இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? உடம்பு சரியில்லையா? யாராவது ஏதாவது சொன்னார்களா? அம்மா உன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி எதுவும் எழுதலையா?" என்றாள். அவள் கை இப்போது தேவலை.

கோச்சிடம் சொன்னாயா என்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடு, நான் உன்னை அவரிடம் மாட்டிவிட மாட்டேன். அவரே சொன்ன வார்த்தை இருக்கிறது, அவருக்கு நினைவு இருக்கும். பெரியவள் தேறிவிட்டாள் என்றால் நல்லதுதான். இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். எனக்கு வயது இருக்கிறது, கொஞ்சம்.

கட்டை வேண்டாம் என்று நீ சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? புதிதாக ஒன்று வெட்டியிருக்கிறேன். முதல் கட்டை இந்நேரம் அமுங்கிப்போயிருக்கும். இதில் முட்டி இறங்கும் குழியை இன்னும் ஆழமாக்கி, முன்பக்க விளிம்பை உயர்த்தியிருக்கிறேன். பழைய மாதிரி வழுக்காது. சட்டையும் உள்ளே இருக்கிறது.

நேற்று ஏரியில் எதிர்க்காற்று. மணல் மூட்டையும் நானும் சேர்ந்து காற்றை ஜெயித்தோம். கரையில் பார்க்க ஒரு நாய்கூட இல்லை.

பக்கம் பக்கமாக எழுது.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். கட்டையும் சட்டையும் வந்தன. சட்டை அளவாக இருக்கிறது. கட்டை வழுக்கவே இல்லை.

கால் மட்டும் கொஞ்சம் மரத்துப்போகிறது. படகிலிருந்து எழுந்ததும் பாதம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா, நீ இன்னும் தினமும் ஏரிக்குப் போகிறாயா? பட்டறை வேலையும் பார்த்துக்கொண்டு ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய்? கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தால்தான் என்ன? யாரும் கேட்கப் போவதில்லை.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை


செப்டம்பர் 17

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் உங்கள் தங்கையோடு ஒரே படகில் போகிறவள். இங்கே என்னை நெட்டை என்பார்கள். அவள் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை பயிற்சி முடிந்து படகுத்துறையில் கால் வைத்தபோது அவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். வலது பாதம் தொங்குகிறது. மேலே தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை, விரல்கூட அசையவில்லை. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறதாம், பல மாதங்களாக அது நசுங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். சென்டர் செலவில் தினமும் மின்சார வைத்தியம் கொடுக்கிறார்கள். குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள்.

படகை நான்தான் துடைத்தேன். அவள் இடத்தில் இருந்த முட்டிக்கட்டையைப் பிய்த்தால் அடியில் 'இடது' என்று எழுதியிருந்தது. 'முன்' என்ற அம்பு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. இடது முட்டிக்கு வெட்டிய கட்டையைத் திருப்பிப் போட்டு வலது முட்டியை வைத்திருக்கிறாள், அக்கா. உயரமான விளிம்பு சரியாக அந்த நரம்பின் மேல் வந்திருக்கிறது. நான் முன்னால் உட்காருகிறவள், என் முதுகுக்குக் கண் இல்லை. கோச் ஒருமுறை சொன்னாராம், "புதுசா ஒண்ணு குடைஞ்சுக்கோ" என்று. "இதுதான் சார் எனக்குப் பழக்கம்" என்றாளாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று நானும் கேட்டேன். "அது எங்க அக்கா வெட்டினது" என்று மட்டும் சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெரியவள் தோள் போய் ஊருக்குத் திரும்பியதும், ஏப்ரலில், இடப்பக்கத்துக்கு என்னை வைத்துக்கொண்டு இவளை வலப்பக்கம் மாறச் சொன்னார்கள், அதாவது வலது முட்டியில் மண்டியிட. பிறந்ததிலிருந்து இடது கையில் எழுதுகிறவனை வலது கையில் எழுதச் சொல்கிற மாதிரி அது. எத்தனை தடவை தண்ணீரில் விழுந்தாள்! ஆனாலும் மாறிக் காட்டினாள்.

நீங்கள் துடுப்பை விட்டுவிட்டதில் கோச்சுக்கு இன்னும் வருத்தம். "அவங்க அக்கா மட்டும் விடாம இருந்திருந்தா இந்தப் பொண்ணு பக்கம் மாறவே வேண்டியதில்லை" என்று நேற்றுகூடச் சொன்னார்.

தைரியமாக இருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
நெட்டை


செப்டம்பர் 24

தங்கை போன்ற உனக்கு,

நலம். நீ எழுதியதற்கு நன்றி. அவளைப் பார்த்துக்கொள்வதற்கும் நன்றி.

என்னைப் பற்றி உங்களிடம் யார் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அது தவறு. நான் துடுப்பை ஒருநாளும் விட்டதில்லை. இன்று காலையும் தண்ணீரில்தான் இருந்தேன்.

அக்கா


அக்டோபர் 19

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை நெட்டை கோச்சிடம் காட்டிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. நல்ல செய்தி கொண்டுபோவதாக நினைத்து ஓடினாள். அவர் என்னைக் கூப்பிட்டார். ஊன்றுகோலோடு அவர் மேஜை வரை போவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஏப்ரலில் நடந்ததை எழுதுகிறேன். படகுத்துறையில் வைத்து அவர் சொன்னார்: "இடப்பக்கத்துல நெட்டை வேகத்துக்கு நீ வர மாட்டே. வலப்பக்கம் காலியா இருக்கு. உங்க அக்கா இன்னும் போடுறாளா?" அப்போது உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நீ மணல் மூட்டையைப் பற்றி எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் உன்னைக் கூப்பிட்டால் அந்தப் படகில் நீயும் நெட்டையும். நான் பெட்டியைக் கட்ட வேண்டும். "இல்ல சார், விட்டுட்டா" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. "அப்ப நீ பக்கம் மாறிப் பாக்கறியா?" என்றார். மாறினேன்.

அதற்குப் பிறகு உன்னிடம் வலது முட்டிக்கு ஒரு கட்டை வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்? நீ அனுப்பியதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. அதில் மண்டியிட்டால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது கோச் என்ன சொல்கிறார் தெரியுமா? "பொய் சொல்லி இடம் பிடிச்சிருந்தா உனக்கு இங்க கட்டிலும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. அன்னிக்கே வண்டி ஏத்திடுவேன். உங்க அக்காவையே எழுதிக் கேக்கறேன், விட்டாளா விடலையான்னு. விடலன்னா அடுத்த வாரமே அவ இங்க வந்து வலப்பக்கம் உக்காரலாம்." மின்சார வைத்தியத்தை நடுவில் நிறுத்தினால் பாதம் இப்படியே நின்றுவிடும் என்று வைத்தியர் சொல்கிறார். நம் ஊரில் அந்த இயந்திரம் இல்லை.

இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதினேன், உன்னைக் கெஞ்சுவதற்கு இல்லை. நீ உள்ளதை எழுது. அந்த இடம் உன்னுடையது. ஏப்ரலிலேயே உன்னுடையது.

அம்மாவிடம் கால் சுளுக்கு என்று மட்டும் சொல்.

வாத்து


டிசம்பர் 8

வாத்துக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அந்தக் கடிதத்தை நீ எழுதி ஏழு வாரம் ஆகிறது, தெரியும். இடையில் நீ போட்ட இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் வைத்திருந்தேன். இன்றுதான் பிரித்தேன்.

கோச்சின் கடிதம் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உன் கால் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால், வலப்பக்கம் காலி என்கிற வரிதான் கண்ணில் பட்டது. அன்றே பட்டறையில் எல்லோரும் போன பிறகு, இருப்பதிலேயே நல்ல ஃபோமாகப் பார்த்து எனக்கு ஒரு முட்டிக்கட்டை வெட்டினேன். வலது முட்டிக்கு. எத்தனை வருஷமாகவோ உனக்கு வெட்டுகிறேன், எனக்கு மட்டும் எப்போதும் மிச்சத் துண்டில்தான். இது புதுப் பாளத்தில் வெட்டியது. முதலாளி ஸ்டேப்லர் கன்னை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்தார், என்னைப் பார்த்தார். "லீவு வேணுமா?" என்றார். "வேணும்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "சின்னவ காலை யாரு பாக்கறாங்க?" என்றாள். சுளுக்கு என்று சொல்லியிருந்தும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. "சென்டர்லயே பாக்கறாங்கம்மா" என்றேன். "நல்லாப் பாக்கறாங்களா?" என்றாள். "நல்லாப் பாக்கறாங்க." "அப்ப சரி" என்று சொல்லி மருந்தை எடுத்துக் கையில் தடவிக்கொண்டாள். அந்தப் புட்டியை அவள் தானாகத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகும் பல நாள் எனக்கு முடிவு வரவில்லை. உன் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. மணல் மூட்டையைப் படகிலிருந்து தூக்கி ஏரியில் வீசிவிட்டேன். அதுதான் என்னோடு இருந்த ஒரே ஆள்.

பிறகு ஒரு காலையில் என் துடுப்பைக் கொண்டுபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படகு பழக்குகிற டீச்சரிடம் கொடுத்தேன். படகையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். "ஏம்மா, நீ விட்டுட்டியா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "விட்டுட்டேன்" என்றேன். அங்கேயே அவர் மேஜையில் பேனா கேட்டு வாங்கி, கோச்சுக்கு எழுதினேன். நான் துடுப்பை விட்டுவிட்டேன், அந்த நெட்டைப் பெண்ணுக்கு எழுதியது கோபத்தில் எழுதியது, என் தங்கையை நம்பலாம் என்று. எப்போது விட்டாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் விட்டேன், அப்புறம்தான் எழுதினேன். நம் இருவரில் ஒருத்தியாவது அவரிடம் பொய் சொல்லாமல் இருக்க வேண்டுமே.

வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணை வலப்பக்கத்துக்கு எடுத்துவிட்டதாக அவர் பதில் போட்டிருக்கிறார். உன் வைத்தியம் தொடரும் என்றும் எழுதியிருக்கிறார்.

உடனே தியாகம், தெய்வம் என்று அழுது எழுதிவிடாதே. நான் உன்னை மன்னிக்கவில்லை. காலையில் விழிப்பு வருகிறது, போக இடமில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வலது கை தானாக ஆடுகிறது. அந்த நேரத்தில் உன்னைப் பற்றி நான் நினைப்பதையெல்லாம் எழுத முடியாது.

எனக்கு வெட்டிய அந்தக் கட்டையை இத்துடன் அனுப்புகிறேன். இங்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை, அந்த வியாதி உனக்கு மட்டும்தானா இருக்கும்? வலது முட்டிக்கு, அம்பு போட்டிருக்கிறேன்.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. உன் கால் கட்டைவிரல் என்றைக்கு அசைகிறதோ அன்றைக்கு எழுது. அது வரை வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் கை ஆறிவிட்டதா?

மின்சார வைத்தியம் நேற்றோடு முடிந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. பாதத்தைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் மெதுவாக நடக்கிறேன், படியேறுகிறேன். நெட்டையும் புதுப் பெண்ணும் நேற்று முன்தினம் நாட்டு அணிக்குத் தேர்வாகிவிட்டார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். உன் கட்டையை அந்தப் புதுப் பெண் கேட்டாள், கொடுக்கவில்லை. அம்பு முன்னால் பார்க்கும்படி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு நீ வர வேண்டாம்.

விரல் அசைந்தால்தான் எழுத வேண்டும் என்றாய். அசைந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். உனக்குப் பிடித்த மாதிரி, பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

அசையவில்லை அக்கா. இனி அசையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

வாத்து